‘நீரைச் சேமிப்பீர்’: எழுவாய் யார்?

பாலக்காடு மாவட்டக் கல்லூரி ஒன்றில் சென்ற வாரம் ‘இல்லத்தில் நீர், மின் சிக்கனம்’ பற்றிய கருத்தரங்கு நடந்தது. மேடையின் பின்னே ‘நீரைச் சேமிப்பீர்’ என்றொரு பதாகை. மொழியியல் படித்தவளின் கண் அங்கேயே நின்றுவிட்டது. சேமிப்பீர் என்பது முன்னிலைப் பன்மை ஏவல், எழுவாய் தோன்றாது. தோன்றா எழுவாயை வருவித்துக்கொள்வது இலக்கணத்தில் எளிது. நடப்பில் அந்த ‘நீவிர்’ யார்?

அதே மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப்புறத்தில் இருக்கிறது பிளாச்சிமடா. 2000-ஆம் ஆண்டு அங்கே கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே சுற்றுவட்டாரக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாததாயிற்று. 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக நின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது.

அந்த எண்ணைச் சற்றே வகுத்துப் பாருங்கள். ஊரகக் குடிநீர்த் திட்டம் ஆளுக்கு வகுத்திருக்கும் அளவு நாளொன்றுக்கு 55 லிட்டர். அக்கணக்கில் இது 9,000 பேருக்கும் மேற்பட்டோரின் ஒருநாள் நீர். பல் துலக்கும்போது குழாயை மூடி வீட்டுக்கு 10 லிட்டர் மிச்சப்படுத்தினால், இதை ஈடுசெய்ய 50,000 வீடுகள் வேண்டும். அதுவும் குழாய் உள்ள வீடுகள்!

வீட்டுச் சிக்கனம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒழுகும் குழாயை நானும் மூடுகிறேன். குடம் சுமப்பவளுக்கு நீரின் அருமையைக் கற்பிக்கப் புறப்படும் துணிவையே சாடுகிறேன்.

மின்சாரத்திலும் இதே இலக்கணம்தான். மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசலில் 1940-லேயே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட். அந்த மலைகளின் நெருக்கடியான லயத்து வீடுகளில் வாழும் தேயிலைத் தொழிலாளியிடம், மாலையில் சலவை இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பிளாச்சிமடாவின் இழப்பை 2010-இல் உயர்நிலைக் குழு ரூ.216.26 கோடி என மதிப்பிட்டது. 2011-இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே மறைந்துவிட்டார்.

அடுத்த அமர்வில் இந்த மசோதாவைப் பற்றிப் பேச இடம் கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். தலைப்புக்குப் பொருந்தாது என்று மறுமொழி வந்திருக்கிறது.