இஞ்ச் டேப்பும் பிஞ்சு வயிறும்

சகோதரிகளே, போன இதழில் வடாம் பிழியும் பக்குவம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுக்களையை விட்டு உங்களை ஆஸ்பத்திரிப் பக்கம் அழைத்துப் போகிறேன். நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குறைமாதக் குழந்தை பிறந்த ஏதாவது ஒரு வீட்டுக்கு இது உதவினால் போதும்.

என் அக்கா காலமாகி ஆறு வருஷமாகிறது. அவள் பெண்ணுக்கு மயிலாப்பூரில் இருக்கும் என் வீடுதான் பிறந்த வீடு. வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 31-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து பிள்ளை பிறந்துவிட்டான். எடை 1300 கிராம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடுவான்.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரமாவது ஆக வேண்டும். அதனால் வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, தாய்ப்பாலை இரண்டு மணிக்கு ஒரு தடவை 3 மில்லி, 4 மில்லி என்று கொடுத்தார்கள். சங்கில் கால் பங்குகூட வராது!

பால் கொடுப்பதற்கு முன் நர்ஸம்மா ஒரு டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து சீட்டில் எழுதுவார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"சொக்காய் தைக்கவா அளவு எடுக்கறாங்க? பச்சைப் புள்ளையை அளந்தா ஆகாதும்மா. கண்ணு பட்டுடும்."

எனக்கும் விஷயம் புரியவில்லை. நர்ஸம்மாவிடமே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "இவனுக்குக் குடலும் குறைமாசம்தான். பால் கீழே இறங்காம தங்கிட்டா வயிறு உப்பும். இவனுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. டேப்தான் சொல்லணும்."

குறைமாதக் குழந்தைகளுக்குச் சில சமயம் குடலே அழற்சி கண்டு புண்ணாகிவிடும் பொல்லாத வியாதி வருவதுண்டு. வயிறு உப்புவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. தாய்ப்பால் கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது. அதனால்தான் ஒரு சொட்டானாலும் தாய்ப்பாலே கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்குமுன் குழாயில் சிரிஞ்சை வைத்து இழுத்து, போன வேளைப் பாலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். மிச்சம் அதிகமானால் அடுத்த வேளை பாலை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பிஞ்சு வயிற்றில் கொஞ்சம் மிச்சம் இருப்பது சகஜம்தானாம். டெல்லி சர் கங்கா ராம் ஆஸ்பத்திரியில் 1500 கிராமுக்குக் குறைந்த 80 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மிச்சப் பாலை இழுத்துப் பார்த்த பிரிவு முழு அளவு பாலுக்கு வர 14 நாள் போல ஆயிற்று. வயிற்றைச் சுற்றி அளந்த பிரிவு 10 நாளிலேயே வந்துவிட்டது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து 2018-ல் வந்த ஆராய்ச்சியும் டேப்புக்கே சாதகமாக இருந்தது. நாலு நாள் முன்னதாக முழுப் பால் என்றால், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸும் ஊசிக் குத்தலும் நாலு நாள் குறைவு என்று அர்த்தம். பெற்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். ஐந்து வாரம் கழித்து, 1800 கிராம் எடையோடு குழந்தை வீட்டுக்கு வந்தான். பாலாடையிலும் குடித்தான், மார்பிலும் குடித்தான். நாலாம் நாள் சாயங்காலம் ஓயாமல் அழுதான். என் மாமியார் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உப்பியிருக்கே" என்றார். நான்தான் எல்லாம் தெரிந்தவளாச்சே! தையல் மெஷின் டிராயரைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். 28 செ.மீ. காட்டியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 26 என்று இருந்தது. 2 செ.மீ. ஏறினால் ஆபத்து என்று அங்கே காதில் விழுந்தது நினைவுக்கு வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"இந்த வேளை பால் வேண்டாம்மா" என்றேன். அடுத்த வேளைக்கும் அதையேதான் சொன்னேன்.

"சரி சித்தி" என்றாள் அவள். தாயில்லாத பெண், நான் சொன்னால் தாய் சொன்ன மாதிரி அவளுக்கு. மார்பு கட்டி வலித்ததைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி குழந்தை அழவும் தெம்பில்லாமல் துவண்டு படுத்திருந்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. பால் கிடைக்காததால் வந்த வினை!

டாக்டரம்மா உடனே வேண்டியதைச் செய்து, குழந்தை வெளிக்குப் போனபின் அளந்தார். 26½ செ.மீ. தான். பிறகு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"பால் குடிச்ச உடனே அளந்தீங்களா?"

"ஆமாம்."

"அழும்போதா அளந்தீங்க?"

"ஆமாம்."

"எந்த டேப்பு?"

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முனையிலிருந்த தகடு கழன்று, முதல் அரை இஞ்ச் கிழிந்துபோன டேப் அது. ரவிக்கைக்கு அளக்கும்போது கை தானாகவே அரை இஞ்சைக் கழித்துக்கொள்ளும். குழந்தைக்கு அளக்கும்போது பதற்றத்தில் மறந்துவிட்டேன். அரை இஞ்ச் என்றால் ஒண்ணேகால் செ.மீ. மிச்சமெல்லாம் பாலும் அழுகையும்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "இந்த அளவு, அதே குழந்தையோட முந்தைய அளவோட ஒப்பிடறதுக்கு மட்டும்தாம்மா. மல்லாக்கப் படுக்க வெச்சு, பாலுக்கு முந்தி, தொப்புளுக்கு நேரா, மூச்சு விட்டு முடிக்கிறப்போ, எப்பவும் ஒரே டேப்பால அளக்கணும். நாங்க அளக்கறப்பவே ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. ஏறி இறங்கும். 2 செ.மீ. ஏறினாலும் நாங்க உடனே பாலை நிறுத்த மாட்டோம். முதல்ல குழந்தையைப் பார்ப்போம்" என்றார். மூக்கு வழியாகக் காற்று செலுத்தும் கருவி வைத்த குழந்தைக்கு அந்தக் காற்றாலேயே வயிறு உப்பித் தெரியுமாம். டேப் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்வது டாக்டர் வேலை.

ஆகவே சகோதரிகளே, வீட்டுக்கு வந்த குழந்தைக்கு டேப் வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைப் பாலைக்கூட நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் இவற்றைக் கவனியுங்கள்:

* சொன்ன நேரத்துக்கு விழித்துக் குடிக்கிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று பாருங்கள்.
* சொன்ன தேதியில் எடை பார்க்கக் கொண்டு போங்கள். சராசரியாக நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது.
* பாலாடையை ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிக்க வையுங்கள்.
* தாயின் நெஞ்சோடு குழந்தையின் வெற்றுடம்பு படும்படி அணைத்து வைத்திருப்பது மருந்துக்குச் சமம்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்:

* பச்சை நிற வாந்தி
* மலத்தில் ரத்தம்
* வயிறு இறுகிப் பளபளவென்று இருத்தல்
* குடிக்க மறுத்தல், துவண்டு போதல்
* மூச்சு விட்டு விட்டு வருதல்
* உடம்பு சில்லிட்டுப் போதல் அல்லது சுடுதல்

வசம்பு, க்ரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் அந்த வாயில் படக்கூடாது. பெரியவர்கள் வருத்தப்பட்டால் என் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பயலுக்குப் பத்து மாதம். தவழ்ந்து வந்து மெஷின் பெடலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறான். கிழிந்த டேப்பை மறுநாளே குப்பையில் போட்டுவிட்டு, பாண்டி பஜாரில் புதிது வாங்கினேன். அது ரவிக்கைக்கு மட்டும்!

உங்கள் வீட்டிலும் குறைமாதப் பிள்ளை வளர்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் பிரசவித்தவளுக்கு ஏற்ற பத்தியச் சமையலோடு சந்திக்கிறேன்.