‘ஊசி போட்டா கருமுட்டை தரம் கூடுமா?’ ஐவிஎஃப் ஹார்மோன் சிகிச்சை செய்வது என்ன, செய்யாதது என்ன?

மணமேல்குடி பக்கம் இருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்காக திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் ஏறும் தம்பதிகளுக்கு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு நாள் பிழைப்பு போகும். பலருக்கு நகையும் அடகுக்குப் போகும். இவ்வளவுக்குப் பிறகு, "முட்டை தரம் சரியில்ல" என்று டாக்டர் சொன்னால் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஊசி போட்டா சரியாயிடுமா?"

சுருக்கமான பதில்: ஹார்மோன் ஊசி முட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டும். தரத்தைக் கூட்டாது.

ஊசி என்ன செய்கிறது?

மாதந்தோறும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்கினாலும், பொதுவாக ஒன்றுதான் முழுதாக முதிரும். மற்றவை அழிந்துவிடும். எஃப்எஸ்எச் ஹார்மோனை தினமும் ஊசியாகக் கொடுத்தால், அழியவிருந்தவையும் சேர்ந்து வளரும். சுமார் 8 முதல் 14 நாட்கள் இது தொடரும். கடைசியாகப் போடும் 'ட்ரிகர்' ஊசிக்குப் பின் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள். "இருக்குறதெல்லாம் தீர்ந்துடுமோ?" என்ற பயம் வேண்டாம். அந்த மாதம் எப்படியும் வீணாகப் போகும் முட்டைகள்தான் அவை.

1978 ஜூலையில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், ஊசி எதுவும் இல்லாமல் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையில் உருவானவர். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் பிறந்த குழந்தைக்கு, ஹார்மோன் ஊசி வழியே பல முட்டைகள் எடுக்கப்பட்டன. இன்று பரவலாக நடப்பது இந்த வழிதான். முட்டை பல இருந்தால், அதில் நல்லது கிடைக்கும் வாய்ப்பும் கூடும். அவ்வளவுதான்.

அப்போ தரம் எதில் இருக்கிறது?

முக்கியமாக வயதில். பெண்ணுக்கு 38 வயது என்றால் முட்டைக்கும் 38 வயது. 35-க்குப் பின் முட்டைகளில் குரோமோசோம் பிழைகள் அதிகரிக்கும். ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை காட்டுவது கையிருப்பை மட்டுமே, தரத்தை அல்ல.

தரம் கூட்டுவதாகச் சொல்லி வளர்ச்சி ஹார்மோன் ஊசி, டிஎச்இஏ மாத்திரை போன்றவை தரப்படுவதுண்டு. ஆனால் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் வழிகாட்டுதல், இவற்றை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை.

எப்போது உஷார் ஆக வேண்டும்?

ஊசிக்குப் பின் வயிறு வேகமாக உப்புவது, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது ஆகியவை சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறிகள். "காலைல பாத்துக்கலாம்" என்று இருக்க வேண்டாம். ஊர் தூரம் என்றால், இரவில் யாரை அழைப்பது என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

கேட்பது உங்கள் உரிமை

2021-ம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, செலவு, பக்கவிளைவு, வெற்றி வாய்ப்பு ஆகியவற்றை மருத்துவமனை முன்கூட்டியே விளக்க வேண்டும். தானமாகப் பெறும் முட்டைக்கும் வரம்பு உண்டு: தருபவருக்கு வயது 23 முதல் 35, வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 7 முட்டைகள்.

அடுத்த முறை கூடுதலாக ஒரு ஊசியை எழுதினால், பணம் கட்டும் முன் கேளுங்கள்: "டாக்டர், இது எண்ணிக்கைக்கா, தரத்துக்கா? என் வயசுக்கு இதனால என்ன பலன்?"