எல்லைக்கு இப்பால்

காவிரிச் சிக்கல் என்றதும் நம்மவர் பார்வை கர்நாடகத்தின் பக்கமே திரும்புகிறது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம், எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவை வைத்து மாதவாரிக் கணக்குப் பார்க்கிறது. குறைந்தால் கேட்க ஓர் இடம் உண்டென்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்த அளவுகோல் எல்லையோடு நின்றுவிடுகிறதே!

எல்லைக்கு இப்பால் பங்கீடு நம் நீர்வளத் துறையின் பொறுப்பு. திருச்சியை அடுத்த வாத்தலையில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலை நம்பித் திருச்சி, அரியலூர் மாவட்டங்களில் 22,114 ஏக்கர் இருக்கிறது. சுக்கிரன் ஏரிக்கு அதுவே உயிர்நாடி. பெரம்பலூருக்கோ காவிரிப் பாசனமே எட்டாது. மழையும் மருதையாறும்தான் கதி. வெள்ள காலத்தில் முக்கொம்பில் திறக்கும் உபரி, கொள்ளிடத்தில் நம் கண்ணெதிரே கடலுக்குப் போகிறது. (ஆறு கடலைத் தொடவே கூடாது என்பார் கட்சியில் நான் இல்லை.) 2018 ஆகஸ்டில் அங்கே ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதற்குக் கர்நாடகமா காரணம்?

பிலிகுண்டுலுவில் கேட்கும் கணக்கை வீட்டுக்குள்ளும் கேட்போம். வாத்தலையில் விட்டது எவ்வளவு, சுக்கிரன் ஏரியில் விழுந்தது எவ்வளவு என்று அந்த ஏரிக்கரையில் ஒரு பலகை நட்டு நாள்தோறும் எழுதட்டும். கடைமடை உழவர் படித்துக்கொள்வார்.