ஆசிரியர் நாற்காலி பிறகு, முதலில் கணக்குக் கொப்பியைத் தாருங்கோ



“இனி உங்கட காலம் பிள்ளை” என்று ஒரு பெரியவர் சொன்னால் நான் முதலில் கேட்பது: ஏன் இப்ப? காசு புழங்கின நேரத்தில் எங்கட காலம் ஏன் வரேல்லை?

பத்திரிகைகளைப் பற்றித்தான் சொல்லுறன். விளம்பரம் போய், சந்தா குறைந்து, அச்சகத்துக்குப் பாக்கி ஏறின பிறகு, இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவரைக் கூப்பிட்டு ஆசிரியர் நாற்காலியில் இருத்துகிறார்கள். நேற்றுவரை செய்தி எழுதினவர் இன்றைக்கு ஆட்களை வேலையால் நிற்பாட்டும் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறார். வரவு செலவு என்னவென்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. இதை “இளையோருக்கு வாய்ப்பு” என்று கைதட்டி வரவேற்கிறவர்களில் எங்கட இடதுசாரி வட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடுதான் இன்றைக்கு எனக்குச் சண்டை.

அவர்கள் உடனே இழுக்கிற பெயர் கைலாசபதி. பேராதனையில் படிப்பு முடித்து லேக் ஹவுஸில் சேர்ந்தவர், இருபதுகளின் நடுவிலேயே தினகரன் ஆசிரியரானார், முற்போக்கு எழுத்தாளருக்கு அந்தப் பக்கங்களைத் திறந்துவிட்டார். எல்லாம் சரி. ஆனால் கதையின் மற்றப் பாதியை ஏன் விழுங்குறீங்கள்? லேக் ஹவுஸ் அன்றைக்கு இலங்கையின் மிகப்பெரிய பத்திரிகை நிறுவனம். காகிதம் வாங்க, இயந்திரம் ஓட்ட, சம்பளம் போட, கட்டுகளை ரயிலேற்றி யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்ப வேறு ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து மேசையில் பழுத்த உதவி ஆசிரியர்கள் இருந்தார்கள். எதைப் போடுவது, யாரை எழுத வைப்பது, எந்தச் சண்டையைத் தொடக்குவது என்பது மட்டும்தான் அந்த இளைஞரின் வேலை. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் தினகரன் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. முதலாளியின் பத்திரிகைதான், மறுக்கேல்லை. ஆனால் அங்கே ஓர் இளைஞருக்குக் கிடைத்தது அதிகாரம். இன்றைக்கு எங்களுக்கு நீட்டப்படுவது பொறுப்பு மட்டும்.

எங்கட நிலைமைக்குக் கிட்ட நிற்கிற ஆள் வேறொருவர். 1908. பாரதி எழுதி நடத்திய ‘இந்தியா’ பத்திரிகைக்குச் சட்டப்படி பதிவில் இருந்த ஆசிரியர் முரப்பாக்கம் சீனிவாசன். ராஜத்துரோக வழக்கு வந்தபோது பிடிபட்டவர் அவர். 5 வருடத் தண்டனையும் அவருக்கு. பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பாரதியைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை, ஏகாதிபத்தியம் கழுத்தை நெரிக்கும்போது ஆட்கள் அப்படித்தான் தப்பிப் பிழைத்தார்கள். ஜேர்மனியில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது, ‘ஸிட்ஸ்ரெடாக்டர்’: சிறையில் போய் இருப்பதற்காகவே வைத்திருக்கிற ஆசிரியர். நான் கேட்பது, அந்தப் பழைய வேலையைப் புதுப் பெயரில் எங்களுக்குத் தருகிறார்களா என்பது.

டென்மார்க்கில் இது வெறும் உவமை இல்லை. 1991இன் ஊடகப் பொறுப்புச் சட்டப்படி, உள்ளடக்கத்தைப் பற்றிக் கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் ஆசிரியர். பெயர் போடாமல் வருகிற கட்டுரைக்குச் சட்டத்தின் முன் நிற்கவேண்டியவரும் அவர்தான். எங்கட ஹொல்ஸ்டெப்ரோவில் வருகிற ‘டாக்பிளாடெட் ஹொல்ஸ்டெப்ரோ-ஸ்ட்ரூவர்’ ஜே.எஃப்.எம். என்ற பெரிய குழுமத்தின் பல பத்திரிகைகளில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியராக இருக்கிறவருக்கு, குறைந்தது, பின்னால் ஒரு நிர்வாகம் இருக்கும், ஒரு சட்டத்தரணி இருப்பார். சங்கக் கட்டடத்தின் பின்னறையில் சம்பளமில்லாமல் இதழ் போடுகிற தமிழ்ப் பிள்ளைக்கு யார் இருக்கினம்?

யாழ்ப்பாணத்தை இதோடு குழப்பக்கூடாது. மூத்தவர்கள் கொல்லப்பட்டும் நாட்டைவிட்டுப் போயும் வெறுமையாகின மேசைகளில் இளையவர்கள் வந்து இருந்தார்கள். உதயன் செய்தியாளர் செல்வராஜா ரஜீவர்மன் 2007 ஏப்ரல் 29ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 25. அந்த மேசைகளை வெறுமையாக்கியது துவக்கு. இங்கே ஐரோப்பாவில் யாரும் யாரையும் துரத்தவில்லை, கணக்குச் சரியில்லை என்றுதான் எழும்பிப் போகினம்.

இந்த நாட்டு இடதுசாரிகளின் கதையையும் ஒருக்கால் பாருங்கோ. 1871இல் ‘சோசலிஸ்டன்’ இதழைத் தொடங்கிய லூயி பியோவுக்கு 29 வயது, தபால் துறையில் வேலை செய்தவர், பத்திரிகை நடத்திப் பழக்கமில்லை. அடுத்த வருடமே கொத்தனார்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்து எழுதிச் சிறைக்குப் போனார். 1875இல் வெளியே வந்தார், 1877இல் பொலிஸ் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். தலைவரே விற்றுப்போனார், பத்திரிகை சாகவில்லை! தொழிலாளர் அதைத் தங்கட சொத்தாக வைத்திருந்ததுதான் காரணம். பெயர் மாறி மாறிக் கடைசியில் ‘அக்டுவெல்ட்’ என்ற பெயரில் 2001 ஏப்ரல் வரைக்கும் வந்தது. அதை மூடியது வலதுசாரி அரசாங்கம் இல்லை, தொழிற்சங்கக் கூட்டமைப்பு. நட்டத்தை இனித் தாங்க ஏலாது என்று காசை நிற்பாட்டியது. நூற்றுமுப்பது வருடப் பத்திரிகையின் உயிர் எந்த ஆசிரியரின் கையிலும் இருக்கவில்லை, வயது போனவரோ இளையவரோ.

இளையவருக்கு முடியாது என்று நான் சொல்லேல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நோர்வேயின் ‘சுவடுகள்’, ஜேர்மனியின் ‘தூண்டில்’, சுவிஸின் ‘மனிதம்’ எல்லாவற்றையும் நடத்தினது அன்றைக்கு இளம் வயதில் அகதியாக வந்தவர்கள்தான். ஆனால் அவை அவர்களே தொடங்கினவை. நிற்பாட்ட விரும்பினால் நிற்பாட்டலாம், யாரோ வைத்துவிட்டுப்போன கடன் இல்லை. பேர்லினில் 1979இலிருந்து நாளிதழாக வந்த ‘தாட்ஸ்’ பத்திரிகையும் அனுபவமில்லாத இளைஞர்கள் தொடக்கினதுதான். எல்லாருக்கும் ஒரே சம்பளம், அதுவும் சொற்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கழுத்துமட்டும் தண்ணி வந்தபோது அவர்கள் ஒரு புது இளம் ஆசிரியரைத் தேடி ஓடவில்லை. 1992இல் பத்திரிகையைக் கூட்டுறவாக மாற்றி வாசகர்களுக்குப் பங்கு விற்றார்கள்.

அமெரிக்காவிலிருந்து இப்ப எல்லாரும் அனுப்புகிற நல்ல செய்தி ஒன்றும் உண்டு. ஜோர்ஜியாவில் ‘ஒகில்தோர்ப் எக்கோ’ என்ற வார இதழ், 1874இல் தொடங்கியது, 2021இல் மூடப்போகும் நேரத்தில் பல்கலைக்கழக இதழியல் மாணவர்களால் காப்பாற்றப்பட்டது. சந்தோசம். ஆனால் அங்கே முதலில் ஓர் இலாபநோக்கற்ற அமைப்பு இதழைப் பொறுப்பேற்றது, மாணவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். இந்த வரிசை முக்கியம். இருந்தாலும், படிப்புக்கு மாணவர் செய்கிற வேலையால் ஓர் ஊரின் பத்திரிகை ஓடவேண்டியிருப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

இனி எங்கட வீட்டுக்குள் வருவம். பெயர் வேண்டாம், போன குளிர்காலம் ஒரு சமூக இதழின் நிர்வாகத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ், நிறையப் பாராட்டு. “உங்களுக்கு டெனிஷும் தெரியும், தமிழும் தெரியும், கொம்பியூட்டரும் தெரியும், நீங்கள்தான் ஆசிரியர்.” மூன்று வருடக் கணக்கைப் பார்க்கலாமோ என்று கேட்டன். “அது பிறகு பாப்பம் பிள்ளை.” வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து? “அது மாமாதான், அதை மாத்தத் தேவையில்லை.” அச்சகத்துக்கு எவ்வளவு பாக்கி? ஒருவரும் வாய் திறக்கேல்லை. நான் மறுத்துவிட்டு வந்தன். எனக்குப் பிறகு இன்னொரு பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். உங்களில் இன்னும் சிலரையும் கேட்பார்கள்.

கேட்டால், ஓம் சொல்ல முதல் கணக்குக் கொப்பியைக் கையில் வாங்குங்கோ. வங்கியில் கையெழுத்து உரிமை இல்லாமல் பெயரை அட்டையில் போட விடாதேங்கோ. பழைய கடன் பழைய நிர்வாகத்தினுடையது என்று கடதாசியில் எழுதி வாங்குங்கோ. வேலையைப் பழக்க ஒரு வருடமாவது பழைய ஆசிரியர் பக்கத்தில் இருக்கவேணும், அதிகாரம் இல்லாமல். அந்தக் கடைசிச் சொல்லில்தான் பேச்சுவார்த்தை முறியும், பார்த்துக்கொள்ளுங்கோ.

“அப்ப பத்திரிகை செத்துப்போகட்டுமோ?” என்று கோபத்தோடு ஒரு தோழர் கேட்டார். சிலது சாகட்டும். ஆனால் கடைசி இதழைப் போடவேண்டியவர்கள் முப்பது வருடம் அதை நடத்தினவர்கள். முதல் பக்கத்தில் அவர்கள் படம், உள்ளே சந்தாக் காசு எங்கே போனது என்ற முழுக் கணக்கு, ஆசிரியர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். அந்த இதழை டெனிஷுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை என்றால் நான் வாறன், காசு வேண்டாம்.