யூஸ் அண்ட் த்ரோ வேப்பை சார்ஜ் போட முடியுமா? உள்ளே ஒளிந்திருக்கும் பேட்டரி ஆபத்து!

பார்ப்பதற்கு ஹைலைட்டர் பேனா போலவோ, பென்டிரைவ் போலவோ இருக்கும். மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி என மிட்டாய்க்கடை வாசனை வீசும். இழுத்து முடித்ததும் தூக்கிப்போடுவதற்கென்றே தயாரிக்கப்படுபவை டிஸ்போசபிள் வேப்கள். பிரிட்டனில் மட்டும் வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் வேப்கள் வீசப்படுவதாக 2023-ல் 'மெட்டீரியல் ஃபோகஸ்' அமைப்பு கணக்கிட்டது. இவ்வளவையும் ஏன் வீச வேண்டும், செல்போன் போல சார்ஜ் போட முடியாதா?

பேட்டரியால் முடியும்!

வேப்புக்குள் இருப்பவை நான்கே பொருள்கள்தான். நிகோட்டின் திரவத்தில் ஊறிய பஞ்சு, அதைச் சூடாக்கும் கம்பிச்சுருள், இழுத்ததும் இயங்கும் சென்சார், ஒரு லித்தியம் அயான் பேட்டரி. செல்போனில் இருப்பதும் இதே வகை பேட்டரிதான். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் டிஸ்போசபிள் வேப்களிலிருந்து பேட்டரிகளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றியும் அவை நன்றாகவே உழைத்தன.

பிறகு என்ன பிரச்னை?

பேட்டரி தாங்கும், கருவி தாங்காது. சார்ஜிங் போர்ட் இல்லாத வேப்பில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் இருக்காது. இந்த வகை பேட்டரி பொதுவாக 4.2 வோல்ட் எட்டியதும் சார்ஜ் ஏறுவது நிற்க வேண்டும். செல்போனில் அந்தக் காவல் வேலையை சர்க்யூட் பார்த்துக்கொள்கிறது. வேப்பைப் பிரித்து, 5 வோல்ட் தரும் யு.எஸ்.பி ஒயரை நேரடியாக இணைத்தால் தடுக்க ஆளில்லை. பேட்டரி சூடாகி, உப்பி, தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இதையெல்லாம் தாண்டி சார்ஜ் ஏறினாலும், திரவம் தீர்ந்திருந்தால் காய்ந்த பஞ்சுதான் கருகும்.

போர்ட் இருந்தால்?

டிஸ்போசபிள் என்ற பெயரிலேயே டைப்-சி போர்ட்டுடன் வருபவையும் உண்டு. இவற்றில் திரவம் அதிகம். அது தீரும் முன்பே பேட்டரி இறங்கிவிடும். அதனால் திரவம் தீரும் வரை சார்ஜ் போட முடியும். ஆனால், சார்ஜ் ஏறுகிறது என்பதற்காக நிகோட்டின் நல்லதாகிவிடாது.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தும் வேப்களை விற்கத் தடை. சார்ஜ் ஏற்றவும் திரவம் நிரப்பவும் முடிந்தால்தான் அங்கு விற்கலாம். இந்தியாவில் இந்தப் பாகுபாடே கிடையாது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லா இ-சிகரெட்டுகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்துக்கும் தடை. முதல்முறை விற்று சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளையின் பையில் கிடைத்தால்?

பதற்றத்தில் கல்லால் நசுக்குவதோ, அடுப்பில் போடுவதோ வேண்டாம். இரண்டுமே பேட்டரியை வெடிக்க வைக்கலாம். சமையலறைக் குப்பையோடும் போடக் கூடாது; குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். பிரிட்டனில் குப்பை லாரிகளிலும் கிடங்குகளிலும் ஒரே ஆண்டில் 1,200-க்கும் மேற்பட்ட பேட்டரி தீவிபத்துகள் பதிவாகியிருக்கின்றன.

பிரிக்காமல், வெயில் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் திரவம் சிறு குழந்தையின் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.