எங்கள் பிள்ளைகளை விரட்டியது யார்?

பெற்றவர்களை லயத்தில் தவிக்க விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகள் டவுனில் சொகுசு தேடுகிறார்களாம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒருவர் மைக் பிடித்துச் சொன்னார். வயிறு பற்றி எரிந்தது எனக்கு. என்ன சொகுசு ஐயா? மூத்தவன் புறக்கோட்டைக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறான். மகள் கட்டுநாயக்கா கார்மண்ட்ஸில். சின்னவன் கட்டார் வெயிலில் கம்பி கட்டுகிறான்.

இங்கே இருந்து என்ன செய்வார்கள்? 2024இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அட்டைக்கடியோடு மலையேறியவள் நான். அந்தக் கூடைக் கயிற்றை என் மகள் தலையில் மாட்ட மனம் வருமா?

தீபாவளிக்கு வருகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. மருமகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளே படுத்தால், வீட்டுக்காரர் இஸ்தோப்பில் சாக்கை விரித்துக் கம்பளிக்குள் இருமிக்கொண்டு கிடப்பார். நுவரெலியாக் குளிர்! அப்பன் வெளியில் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் மறுநாளே மகன் பையைக் கட்டிவிடுகிறான். இதையா கைவிட்டான் என்கிறீர்கள்?

தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் எங்கள் பேர் வெட்டியாயிற்று. இப்போது ஆபீசில் கேட்கிறார்கள்: "ஒங்க வீட்டுல யாரு வேலைக்கு வாறா? ஆள் இல்லேன்னா காம்பராவ விட்டுரணும்." என் மாமனார் பிறந்த காம்பரா அது! உழைக்கிற கை இருக்கும்வரைதான் கூரையா?

பிள்ளையைப் பிரிகிற கதி என் மாமியாருக்கும் வந்ததுதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம் என்று ஆள் பிரித்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேசனில் இருந்து புறப்பட்ட கோச்சிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பேர். அதில் மூத்த மகனை ஏற்றிவிட்டவர், கடைசிவரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பிள்ளை மேலா பழி?

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் 10,000 வீடு என்றார். நாங்களும்தான் கை தட்டினோம். எங்கள் லயத்துத் தகரம் இன்னும் ஒழுகுகிறது.

தலைவர்மாரே, கம்பனிக்காரரே, பிள்ளைகளைத் திட்டியது போதும். வீடு கட்டத் தருவதாகச் சொன்ன அந்த 7 பேர்ச்சஸ் காணியை எங்கள் பேரில் உறுதி எழுதித் தாருங்கள். வீட்டை என் பிள்ளைகளே கட்டிக்கொள்வார்கள்.