கோத்திரம் பார்த்தா வேடம் கொடுப்பது?

“பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு” என்பார்கள் நம் பெரியவர்கள். பிச்சைப் பாத்திரத்தை விட்டுவிட்டு நாடகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டால், அங்கேயும் நாம் கோத்திரம் பார்க்கத்தான் செய்கிறோம். ஆண்டுவிழா நெருங்கியதும் பள்ளிகளில் நடப்பதைக் கவனியுங்கள். உயரமானவள் ராஜா. சிவந்த நிறத்தவள் இளவரசி அல்லது வானதூதர். கறுத்தவள் அரக்கி. பருமனானவள் விதூஷகன், அதுவும் இல்லையென்றால் மரம். ஒருத்தி வாயைத் திறந்து ஒரு வரி பேசிக் காட்டுமுன்பே அவள் வேடம் முடிவாகிவிடுகிறது. சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் ராணிகள் பெரும்பாலும் சிவப்பாக இருப்பது உண்மைதான். ஆனால் ஆனைக்குட்டத்து வெயிலில் நின்று கொண்டு அந்த நிறத்தைத் தேடினால் இளவரசிக்கு ஆள் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியை ஒரு விளையாட்டை வைத்து ஆராய்ந்து பார்த்தோம். பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். இது காசு வைத்து ஆடும் ஆட்டம் அல்ல. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பேசியே ஆடுவார்கள். நம் பாட்டிமார் உருட்டும் தாயக்கட்டைக்கு நான்கு முகம். இவர்கள் பகடைக்கு இருபது முகம். பூட்டு உடையுமா, பூதம் ஏமாறுமா என்பதை அந்தப் பகடை சொல்லும்.

ஆடுமுன் ஒவ்வொருவரும் ஒரு குலத்தையும் ஒரு தொழிலையும் தேர்ந்துகொள்ள வேண்டும். குள்ளர் குலத்தாருக்கு விஷம் எளிதில் ஏறாது, இருட்டிலும் கண் தெரியும். முன்னால் நின்று அடிவாங்க அஞ்சாதவர்களுக்கு ஏற்றது என்பார்கள். எல்ஃப் குலத்தாருக்கு உறக்கம் வேண்டாம், நான்கு மணி நேரத் தியானமே போதும். கூர்ந்து கவனித்துத் தொலைவிலிருந்தே காரியம் முடிப்பவர்கள் அதை விரும்புவர். ஓர்க் குலத்தார் சாய்க்க வேண்டிய அடி பட்டாலும் ஒருமுறை சாயாமல் நிற்பார்கள். ஹாஃப்லிங் என்பவர்கள் உருவத்தில் சிறியவர்கள், ஆனால் அதிர்ஷ்டக்காரர்கள்: இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பவர்களுக்கு (ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிச் சிலர் உண்டு) இதைவிடத் தோதான குலம் கிடையாது.

புதிதாக ஆட வருபவளுக்கு இத்தகைய பொருத்தம் ஒரு கைத்தாங்கல். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் 1974-இன் விதிகளில் குள்ளரும் ஹாஃப்லிங்கும் போர்வீரர்களாக மட்டுமே ஆகலாம்; குறிப்பிட்ட படிக்கு மேல் ஏறவும் கூடாது. 1981-இல் வந்த தொடக்கநிலை நூலிலோ குலமே தொழிலாகிவிட்டது. குள்ளனாகப் பிறந்தவன் குள்ளன், அவ்வளவுதான்! இதைப் படிக்கும்போது நம் மாவட்டத்தாருக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேளை பள்ளிக்கூடம், மறு வேளை குடும்பத் தொழில். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு மூண்டது. 1954-இல் முதலமைச்சரான விருதுநகர்க் காமராசரின் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. விளையாட்டுக்காரர்களுக்குச் சற்று அதிக நாள் பிடித்தது: படி வரம்பு 2000-இல் நீங்கிற்று. 2024-இன் புதிய விதிநூலில், வலிமையும் அறிவும் கூடுவதற்குக் குலம் காரணமல்ல, வளர்ந்த பின்னணியே காரணம் என்று மாற்றிவிட்டார்கள்.

“பொருத்தம் பார்க்காமல் வேடம் கொடுத்தால் நாடகம் உருப்படுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தையே பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். ஒத்திகை கிடையாது, ஆனாலும் வள்ளி திருமணம் குறையின்றி நடக்கிறது. அவரவர் பார்ட் அவரவருக்கு அத்துப்படி என்பதால்தான் அது முடிகிறது. ஆனால் அங்கே ராஜபார்ட்டுக்கு வேண்டியது குரல். பபூனுக்கு வேண்டியது சமயோசிதம். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் பெண்ணாயிருந்தும் மேடையில் ராஜபார்ட் வேடம் கட்டினார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. ஔவைப் பாட்டியாக நடித்துப் பெயரோடு ‘ஔவை’யையும் சேர்த்துக்கொண்ட டி. கே. சண்முகமோ ஆண்மகன். உருவத்தைப் பார்த்திருந்தால் இவர்கள் மூவருக்கும் அந்த வேடங்கள் கிடைத்திருக்குமா?

ஆகவே, ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்பதை விட்டு, எப்படி ஆடுவாள் என்று கேட்பதே முறை என்பது எங்கள் கருத்து. வகுப்பில் பேசாதவள் மேடையில் முழங்கக்கூடும். அரக்கி வேடமும் கேவலமானதல்ல. உண்மையைச் சொன்னால் நடிக்க இடமுள்ள வேடமே அதுதான், இளவரசிக்கு அழுவதைத் தவிர வேறென்ன வேலை? ஆனால் அதை விரும்பிக் கேட்டு வாங்குவது வேறு. தோலைப் பார்த்துக் கட்டிவிடுவது வேறு. விழா ஒரு மாலையோடு முடிந்துவிடும். “அரக்கி” என்ற பெயர் மட்டும் பேருந்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஆண்டு முழுவதும் அவளைத் தொடர்ந்து வரும். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போனால் மூன்றாம் ஆண்டு அவள் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவே மாட்டாள்.

அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது, வகுப்பறையின் குறுக்கே ஒரு சேலையைத் திரையாகக் கட்டுங்கள். விரும்பும் மாணவி ஒவ்வொருத்தியும் திரைக்குப் பின்னால் நின்று ராஜா, அரக்கி, விதூஷகன் மூவரின் வசனத்தையும் இரண்டிரண்டு வரி பேசட்டும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும். மதிப்பெண் போட்டு முடித்த பிறகு திரையை அவிழ்த்துக்கொள்ளலாம்.